எங்கள் வீட்டு மடக்கு மேசை

ஒரு மேசைப் பலகையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் வினவக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் யாரேனும் எங்களிடம் அப்படி ஒரு கட்டுரையை நீட்டியிருந்தால், நாங்களும் அதே வினாவைத்தான் எழுப்பியிருப்போம். ஆனால், ஒரே சுவரில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பலகைகளை மாட்டிப் பார்த்துவிட்டோம். முதற் பலகையால் எங்களுக்கு ஏற்பட்டது பொருள் நட்டம் மட்டுமே என்றால், இதை எழுதத் துணிந்திருக்க மாட்டோம். எங்கள் வீட்டிலேயே நாள்தோறும் நடந்துகொண்டிருந்த ஒன்றை நாங்கள் காணாதிருந்தோம் என்பதையும் அந்தப் பலகையே எங்களுக்கு உணர்த்திற்று. ஆகவே, இடம் குறைந்த வீடுகளில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில், நடந்ததை நடந்தவாறே எழுதுகிறோம்.

நாங்கள் பெஹாலாவில் குடியேறிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. டயமண்ட் ஹார்பர் சாலையிலிருந்து பர்ணஸ்ரீப் பக்கம் பிரியும் சந்து ஒன்றில், தரைத்தளத்தில் எங்கள் வீடு. நாங்கள் வந்த காலத்தில் அச்சாலையின் நடுவே மெட்ரோவுக்கான தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஜோகாவிலிருந்து தாராதலா வரையிலான பாதை 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. 2024 மார்ச்சில் அது மாஜேர்ஹாட் வரை நீண்டது. ஊருக்குள் போய்வருவது எளிதாயிற்று. ஆனால் வீடு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. படுக்கை அறை ஒன்று, சமையற்கட்டு ஒன்று, பத்தடிக்கு ஒன்பதடியில் ஒரு கூடம். உண்பதும், மகள் படிப்பதும், விருந்தினர் உறங்குவதும் அக்கூடத்திலேதான். வேளைக்கு வேளை வேடம் மாறும் அப்படிப்பட்ட இடத்தில் நிலையான மேசை ஒன்றைப் போட்டுவிட்டால், பிறகு மனிதர் நடமாடுவதற்கு இடம் இராது. அதனால் பல ஆண்டுகள் தரையிலேயே அமர்ந்து உண்டுவந்தோம். பிறந்த நாள் முதல் பழகிய வழக்கமாதலால் அதில் எங்களுக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

2023-ஆம் ஆண்டு தை மாதத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா எங்களோடு வாழ வந்தார். எங்களில் ஒருவருக்கு அவர் தாய், மற்றவருக்கு மாமியார், இருவருக்கும் அம்மா. அப்பா மறைந்த பின் அந்தப் பெரிய வீட்டில் அவர் தனியே இருப்பதை எங்கள் மனம் ஒப்பவில்லை. எழுபத்து மூன்று வயது. நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர். முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. இனித் தரையில் சம்மணமிட்டு அமர்தல் ஆகாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த பொருள்களுள் பலாமரத்து மணை ஒன்றும் இருந்தது. அறுபது ஆண்டுக் காலம் அதில் அமர்ந்தே உண்டவர் அவர். அம்மணையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, தட்டை மடியில் ஏந்தி உண்ணத் தொடங்கினார். அதைக் காணப் பொறாமல்தான் மடக்கு மேசை ஒன்று செய்வதென்று தீர்மானித்தோம்.

எங்களுள் ஒருவருக்கு அரம்பம் பிடிக்கத் தெரியும். மற்றவருக்கு அளவு பிசகாமல் கோடு போடத் தெரியும். இவ்விரண்டு தகுதிகளை நம்பி 2024 கோடை விடுமுறையில் வேலையைத் தொடங்கினோம். சுவரில் ஆறு அங்குல அகலத்தில் நிலையான தட்டு ஒன்று. அதன் முன்விளிம்பில் நீண்ட கீல். கீலில் தொங்கும் பலகை. பலகையைத் தூக்கினால் மேசை. இறக்கினால் சுவரோடு சுவர். பலகையைத் தாங்குவதற்கு, கதவு போலத் திறந்து மூடும் முக்கோணச் சட்டங்கள் இரண்டு. பலகையின் அளவு நான்கடி நீளம், இரண்டடி அகலம்.

அமைப்பைப் பற்றி ஒரு வாரம் சிந்தித்த நாங்கள், பலகையைப் பற்றி அரை மணி நேரமும் சிந்திக்கவில்லை. கடையில் துகள் பலகை ஒன்றைக் கண்டோம். பதினெட்டு மில்லிமீட்டர் கனம், இருபுறமும் தேக்கு நிற மேற்பூச்சு, கண்ணாடி போன்ற வழவழப்பு, விலையும் குறைவு. வேண்டிய அளவுக்கு அங்கேயே அறுத்துக் கொடுத்தார்கள். "மழைக்குத் தாங்குமா?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால் கடைக்காரர் உண்மையைச் சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நிறத்தையும் விலையையும் கண்டு வாங்கினோம். பலகையை மாட்டிய அன்று அம்மா அதைத் தடவிப் பார்த்து, "நம் ஊர்த் தேக்குப் போலவே இருக்கிறதே!" என்றார். நாங்கள் பூரித்துப் போனோம்.

நாங்கள் இருவரும் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் புறப்பட்டால் மாலை ஏழுக்குத்தான் திரும்புவோம். மகள் பள்ளியிலிருந்து மூன்றரை மணிக்கு வருவாள். இடைப்பட்ட நேரமெல்லாம் அம்மா தனியே இருப்பார். சோறும் குழம்பும் பொரியலும் மூடி வைத்துவிட்டு, "பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுவிடுங்கள், அம்மா" என்று நாள்தோறும் சொல்லிவிட்டுப் போவோம். மாலையில் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். உண்டாரா என்று கேட்க வேண்டிய தேவையே எங்களுக்குத் தோன்றவில்லை.

2025-ஆம் ஆண்டின் கோடையில் அம்மாவுக்கு இருமுறை மயக்கம் வந்தது. இரண்டும் பிற்பகல் வேளைகள். மருத்துவர் சர்க்கரையின் அளவு தாழ்ந்திருக்கலாம் என்று கூறி மாத்திரையின் அளவைக் குறைத்தார்; நேரத்துக்கு உண்ண வேண்டும் என்று வற்புறுத்தினார். "நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் இந்த ஊர்த் தண்ணீரில் பசி ஏது? தாமிரபரணித் தண்ணீரைக் குடித்தால் கல்லும் செரிக்கும்" என்றார் அம்மா. நாங்களும் அதை நம்பினோம். பழியை ஊர்த் தண்ணீர்மேல் போடுவது எல்லாருக்கும் எளிதாக இருந்தது.

இந்நிலையில்தான் அந்த மழை வந்தது. 2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் விடிவதற்குள், துர்க்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்தபோது, கொல்கத்தாவில் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. இந்நகரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சராசரியாக ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர்தான். அதில் ஏழில் ஒரு பங்கு ஓர் இரவுக்குள் இறங்கினால் என்ன ஆகும்? பெஹாலாவின் சந்துகளில் மழைநீர் தேங்குவது புதிதன்று. ஆனால் அன்று அது வாயிற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. அரிசித் தவலையையும், எரிவாயு உருளையையும், மகளின் புத்தகங்களையும் கட்டில்மேல் ஏற்றினோம். மின்சாரத்தின் முதன்மை விசையை அணைத்தோம். நகரில் அன்று மின்சாரம் பாய்ந்து பலர் உயிரிழந்தார்கள். அத்தகைய நாளில் மேசையைப் பற்றி யார் நினைப்பார்?

எங்கள் மேசையின் உயரம் இருபத்தொன்பது அங்குலம். இருபத்துநான்கு அங்குல அகலமுள்ள பலகை கீழே தொங்கும்போது, அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து ஐந்தே அங்குலத்தில் இருந்தது. வீட்டுக்குள் நீரோ எட்டு அங்குலம் நின்றது. ஒரு பகலும் ஓர் இரவும் பலகையின் கீழ்ப்பகுதி ஊறிக் கிடந்தது. நீர் வடிந்த பின் பார்த்தால், அந்த மூன்று அங்குலமும் பால் குடித்த பொரி போலப் பருத்திருந்தது. மேற்பூச்சு வாய் பிளந்திருந்தது. விரலால் தொட்டால் உள்ளிருந்து மரச்சீவல் உதிர்ந்தது. ஈரம் காய்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் என்று காத்திருந்தோம், அது திரும்பவில்லை. மரத்தின் சீவலையும் தூளையும் பிசினோடு கலந்து அழுத்திச் செய்வது துகள் பலகை. அழுத்தத்தால் ஒடுங்கிய சீவல்கள் நீரைக் கண்டவுடன் பருத்து எழும். அவற்றை மீண்டும் ஒடுக்க வீட்டில் ஆலை இல்லையே! பலகையைக் கழற்றிக் குப்பைக்கு அனுப்பினோம். அம்மா முக்காலி ஒன்றைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு அதன்மேல் தட்டை வைத்து உண்டார்.

பூஜை விடுமுறை கழிந்து, காளி பூஜையும் முடிந்த பிறகே மிஸ்திரியைப் பிடிக்க முடிந்தது. சக்கேர் பஜாரில் சிறு பட்டறை வைத்திருக்கும் முதியவர் அவர். மரவேலையை நாங்களே செய்துகொள்வோம், பலகையைப் பற்றி அறிவுரை மட்டும் வேண்டும் என்றபோது அவர் சிரித்தார், ஆயினும் வந்தார். ஒரு குவளைத் தேநீரோடு முக்காலியில் அமர்ந்து அவர் சொன்ன செய்திகள் எங்கள் பதினோர் ஆண்டு அறியாமையை அகற்றின.

முதலில் கட்டை மரத்தைப் பற்றிக் கேட்டோம். தேக்கைக் கறையான் எளிதில் தீண்டாது, ஈரத்துக்கும் அஞ்சாது. ஆனால் மரம் எதுவாயினும், ஈரம் ஏறினால் நார் ஓடும் திசையில் நீள்வதில்லை. நாருக்குக் குறுக்கேதான் விரியும். இந்நகரில் ஆடி ஆவணியில் காற்றே நனைந்திருக்கும். தை மாதத்தில் உதடு வெடிக்கும் அளவுக்கு உலரும். இரண்டடி அகலத்துக்குத் தேக்குப் பலகைகளை ஒட்டிச் சேர்த்தால், அவை ஆண்டுதோறும் விரிந்தும் சுருங்கியும் வளைந்து கொடுக்கும். அதைத் தடுக்கக் கைதேர்ந்த இணைப்பு வேண்டும், பணமும் வேண்டும். எங்களிடம் இரண்டும் குறைவு.

அக்குறையை நீக்கப் பிறந்ததே ஒட்டுப்பலகை. மரத்தை மெல்லிய ஏடுகளாக உரித்து, ஓர் ஏட்டின் நார் நெடுக்கிலும் அடுத்ததன் நார் குறுக்கிலும் அமையுமாறு அடுக்கி ஒட்டுகிறார்கள். ஓர் ஏடு விரிய முயன்றால் மற்றது பிடித்து நிறுத்துகிறது. கல்கத்தாவுக்கும் ஒட்டுப்பலகைக்கும் பழைய உறவு உண்டு. 1861-இல் இங்கே தேயிலை ஏலம் தொடங்கிற்று. பிற்காலத்தில் தேயிலைப் பெட்டிகள் ஒட்டுப்பலகையால் செய்யப்பட்டன. அவற்றுக்காகவே அசாமில் ஆலைகள் எழுந்தன. தம் தந்தையார் கிதிர்ப்பூர்த் துறைமுகப் பக்கத்தில் உடைந்த தேயிலைப் பெட்டிகளை மலிவாக வாங்கி வந்து முக்காலி செய்து விற்றதை மிஸ்திரி நினைவுகூர்ந்தார். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான தடை விதித்த பின், வடகிழக்கின் ஆலைகள் பல மூடப்பட்டன. இப்போது வரும் ஒட்டுப்பலகையில் பெரும்பகுதி, உழவர்கள் வயலோரங்களில் வளர்க்கும் பாப்லர், யூகலிப்டஸ் மரங்களிலிருந்து கிடைப்பது. ஹரியானாவின் யமுனாநகர் அத்தொழிலின் பெரிய சந்தை. பாப்லர் இலேசானது, யூகலிப்டஸ் கனமானது. "பாப்லரா? அது தீக்குச்சி மரம்!" என்று மிஸ்திரி ஏளனமாகச் சொன்னதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பலகையின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களின் பொருளையும் அவர் விளக்கினார். இந்தியத் தரக் குறியீடுகளில் 303 என்ற எண் பொதுப் பயனுக்கான ஒட்டுப்பலகைக்கும், 710 என்ற எண் கடல் ஒட்டுப்பலகைக்கும் உரியவை. 303-லேயே காற்றின் ஈரத்தை மட்டும் தாங்கும் எம்.ஆர். வகையும், கொதிநீரையும் ஓரளவு தாங்கும் பி.டபிள்யூ.ஆர். வகையும் உண்டு. முன்னதற்கு யூரியாப் பிசின்; பின்னதற்குப் பீனால் பிசின். 710-க்கு உரிய சோதனையில் பலகைத் துண்டை 72 மணி நேரம் நீரில் கொதிக்க வைத்தாலும் ஒட்டுப் பிரியலாகாது. "ஆனால் ஒன்று: தண்ணீரைத் தாங்குவது பிசின்தான், மரம் மரமே. விளிம்பை மூடாமல் விட்டால் கடல் பலகையும் நீர் குடிக்கும்" என்று எச்சரித்தார். நாங்கள் பல ஆண்டுகளாகத் தவறாகப் புரிந்துகொண்டிருந்த செய்தி இது.

மற்றவற்றையும் கேட்டறிந்தோம். எம்.டி.எஃப். என்னும் மரநார்ப் பலகை துகள் பலகையின் மூத்த உடன்பிறப்பு, வழவழப்பு மிகுதி, எடையும் மிகுதி, நீரைக் கண்டால் இரண்டும் ஒன்றே. இவற்றின் யூரியாப் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் ஆவி சிறிது சிறிதாகக் கசியும். அது புற்றுநோயை விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வகைப்படுத்தியது. குழந்தைகள் முகம் கவிழ்த்துப் படிக்கும் மேசைக்குப் பலகை வாங்குவோர், ஆவி குறைவாகக் கசியும் ஈ-0, ஈ-1 என்ற குறிகளைக் கேட்டு வாங்குதல் நலம். பி.வி.சி. நுரைப் பலகைக்கு நீரால் ஒரு தீங்கும் வராது. ஆனால் கொதிக்கும் குக்கரை வைத்தால் அது இளகிக் குழியும். திருகாணிகளையும் இறுகப் பற்றாது. கண்ணாடியோ, எட்டு மில்லிமீட்டர் கனத்தில் எங்கள் அளவுக்குப் பதினைந்து கிலோ நிறுக்கும். கீலில் தொங்கவிடும் பொருளும் அன்று.

எல்லாவற்றையும் கேட்ட பின் முடிவு தெளிவாகத் தோன்றியது. எங்களுக்கு எதிரி தண்ணீர். தண்ணீரை வெல்வது கடல் ஒட்டுப்பலகை. ஆகவே கனமான மரத்தில், பத்தொன்பது மில்லிமீட்டரில், இருபுறமும் சன்மைக்கா ஒட்டிய பலகை. இனிப் பத்து வெள்ளம் வந்தாலும் அசையாது என்று மிஸ்திரியும் ஆமோதித்தார். நாங்கள் அளவு எழுதத் தொடங்கினோம்.

அப்போது, மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எங்கள் மகள் தலை நிமிர்த்தாமலே கேட்டாள்: "அப்படியானால் ஆச்சி மறுபடியும் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை சாப்பிடாமல் இருப்பாளா?"

கூடத்தில் பேச்சு நின்றது. "சும்மா இரு, கண்ணு" என்றார் அம்மா. ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாக விளங்கிற்று. அம்மாவால் அந்தப் பலகையைத் தூக்க முடிந்ததில்லை. ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மறுகையால் தாங்குசட்டத்தை இழுத்து வைக்க வேண்டும். ஒரு முறை முயன்றபோது பலகை நழுவி முழங்காலில் அடித்திருக்கிறது. அதன்பின் பேத்தி மூன்றரை மணிக்கு வந்து மேசையை விரித்த பிறகே சோறு. காலையில் உண்ட மாத்திரையோ தன் வேலையைத் தவறாமல் செய்துகொண்டிருந்தது. இருமுறை வந்த மயக்கத்துக்கும் காரணம் ஊர்த் தண்ணீர் அன்று. நாங்கள் பெருமையோடு மாட்டிய மேசை. "பிள்ளைகள் ஆசையாகச் செய்ததைக் குறை சொல்லலாமா?" என்று அம்மா வாய் திறக்கவில்லை. எங்களிடம் சொல்லக் கூடாது என்று பேத்தியிடமும் வாக்கு வாங்கியிருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்தே உண்டிருக்கலாமே என்றோம். "மேசை போட்ட வீட்டில் மடியில் வைத்துச் சாப்பிட்டால் உங்கள் மனம் வருந்தாதா?" என்றார். மேசை குப்பைக்குப் போன பிறகுதான், முக்காலியின்மேல் தட்டை வைத்து, பன்னிரண்டரை மணிக்கு உண்ணத் தொடங்கியிருந்தார். வெள்ளம் செய்த உதவியை நாங்கள் செய்யவில்லை!

அன்றிரவு எங்கள் இருவருக்கும் உறக்கம் வரவில்லை. மடக்கு மேசை இந்நகருக்குப் புதியதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் படை அதிகாரிகள் தம்மோடு மடக்கு மேசைகளையும் மடக்குக் கட்டில்களையும் எடுத்துச் சென்றார்கள். தேக்காலும் கற்பூர மரத்தாலும் செய்து, மூலைகளில் பித்தளை பொதிந்த அப்பொருள்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் அழகாகக் காட்சியளிக்கின்றன. அவற்றின் எடையைப் பற்றி அந்த அதிகாரிகள் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. மேசையில் அமர்ந்து எழுதியவர் ஒருவர், அதைச் சுமந்தவர் வேறொருவர். எங்கள் வீட்டிலும் நாங்கள் அதே தவற்றைத்தான் செய்திருந்தோம். மேசையை வடிவமைத்தவர்கள் நாங்கள். நண்பகலில் அதைத் தூக்க வேண்டியவர் அம்மா.

மறுநாள் காலையில் புதிய கணக்கைத் தொடங்கினோம். லேக் மார்க்கெட்டில் வாங்கி வந்த ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு கையால் மார்பளவுக்குத் தூக்கச் சொன்னோம். அம்மாவின் கை நடுங்கிற்று. மூன்று கிலோவைத் தூக்கினார். ஆனால் பிடித்து நிற்க இயலவில்லை. இரண்டரைக் கிலோ உளுந்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களோடு பேசவும் செய்தார். அந்த இரண்டரைக் கிலோவே எங்கள் அளவுகோல் ஆயிற்று.

கீலில் தொங்கும் பலகையைப் பற்றி ஒரு சிறு கணக்கு உண்டு. அதைக் கிடையாகத் தூக்கி நிறுத்தும்போது எடையில் பாதியைக் கீல் தாங்கும். முன்விளிம்பைப் பிடித்த கை மற்றப் பாதியைத் தாங்கும். ஆகவே பலகை முழுவதும் ஐந்து கிலோவுக்குள் அடங்க வேண்டும். எங்கள் பழைய துகள் பலகை ஒன்பது கிலோவுக்கு மேல். கைக்கு வந்த சுமை நாலரைக் கிலோவுக்கும் மிகுதி. நாங்கள் செய்ய எண்ணிய கடல் பலகையோ சன்மைக்காவோடு சேர்ந்து பன்னிரண்டு கிலோவை எட்டியிருக்கும். கைக்கு ஆறு கிலோ. தண்ணீரை வெல்லும் ஆர்வத்தில் அம்மாவுக்கு முன்னிலும் கொடிய பொறி ஒன்றைச் செய்யவிருந்தோம்!

மீண்டும் மிஸ்திரியிடம் போனோம். இம்முறை அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் மோவாயைத் தடவிவிட்டு, "மாசிமாவுக்காக என்றால் கனம் வேண்டாம், எலும்பும் தோலும் போதும்" என்றார். அதன் பொருள் இது: முழுக் கனத்துக்கு ஒரே பலகையை எடுக்காமல், அடியில் பைன் மரச் சட்டம் கட்டி, அதன்மேல் மெல்லிய பலகையைப் பொதிவது. வளையாமல் தாங்குவது சட்டத்தின் வேலை. பரப்பாக இருப்பதே பலகையின் வேலை. மேலே ஆறு மில்லிமீட்டர் பி.டபிள்யூ.ஆர். ஒட்டுப்பலகை போதும். அதுவும் அவர் முன்பு ஏளனம் செய்த அந்தப் பாப்லர் மரத்திலே! வலிமைக் குறைவு என்று தள்ளப்பட்ட அதன் இலேசுத்தன்மையே எங்களுக்கு வேண்டிய குணமாயிற்று.

அளவையும் குறைத்தோம். நீளம் மூன்றரை அடி; அகலம் இருபது அங்குலம். தட்டும் குழம்புக் கிண்ணமும் தண்ணீர்ச் செம்பும் வைக்கவும், மகளின் புத்தகமும் ஏடும் விரிக்கவும் இது தாராளம். இதில் வேறொரு நன்மையும் உண்டு. பலகை தொங்கும்போது அடிவிளிம்பு தரையிலிருந்து ஒன்பது அங்குலம் உயர்ந்து நிற்கிறது. சென்ற வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே. தண்ணீரோடு போரிடுவதை விட, அது எட்டாத உயரத்தில் நிற்பது எளிதன்றோ?

மேற்பரப்புக்குச் சன்மைக்காவையே தேர்ந்தெடுத்தோம். நம் வீடுகளில் அப்பெயரால் வழங்கும் இத்தகட்டின் முன்னோடி ஃபார்மைக்கா. அமெரிக்காவில், மின்கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாகப் பயன்படட்டும் என்று உருவாக்கப்பட்டதால் அதற்கு அப்பெயர் வந்தது. பிசின் ஊறிய காகித அடுக்குகளை வெப்பத்தில் அழுத்திச் செய்யும் இத்தகட்டில் மஞ்சள் கறை எளிதில் படியாது. ரசம் சிந்தினால் துடைத்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், மறுபக்கம் ஈரம் வாங்கிப் பலகை கிண்ணம் போல் வளையும் என்று மிஸ்திரி முன்பே சொல்லியிருந்தார். அதனால் அடிப்பக்கத்துக்கும் மெல்லிய தகடு ஒன்றை ஒட்டிய பிறகே சட்டத்தைப் பொருத்தினோம். விளிம்பு நான்கிலும் பிசின் தடவி, மரப்பட்டை ஒட்டி, மேலே மூன்று முறை வார்னிஷ் பூசினோம். கீலின் திருகாணிகளை ஆறு மில்லிமீட்டர்ப் பலகையில் முடுக்காமல் அடியிலுள்ள சட்டத்தில் முடுக்கினோம். மெல்லிய பலகையில் நேரே முடுக்கினால் ஒரே மாதத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

கார்த்திகை பிறந்த சில நாட்களில் வேலை முடிந்தது. மாட்டுவதற்கு முன் மகள் குளியலறைத் தராசைக் கொண்டுவந்தாள். பலகையைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறி நின்ற எடையிலிருந்து அவளுடைய எடையைக் கழித்தோம். ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பரீட்சையில் தேறிய மாணவர்களைப் போல நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

குறைகளே இல்லை என்று சொல்ல மாட்டோம். இரண்டு சட்டங்களுக்கு இடையே முழங்கையை அழுத்தி ஊன்றினால் பலகை சிறிது அதிரும். அதன்மேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைக்க முடியாது. குக்கரைப் பிரிமணையின்மேல்தான் வைக்க வேண்டும். நேரே வைத்தால் தகட்டின் அடியிலுள்ள ஒட்டு இளகிவிடும். விருந்தினர் இருவர் வந்தால் நாங்கள் பழையபடி தரையில் அமர்கிறோம். அழகிலும் அது பழைய பலகைக்கு ஈடாகாது. எங்கள் கைவேலையின் கோணல்கள் உற்றுப் பார்த்தால் தெரியும்.

இவ்வளவையும் ஒரே நண்பகல் மறக்கச் செய்துவிட்டது. மேசையை மாட்டிய மறுவாரம், எங்களுள் ஒருவர் காய்ச்சலால் வேலைக்குப் போகாமல் படுக்கை அறையில் படுத்திருந்தார். பன்னிரண்டரை மணிக்குக் கூடத்தில் கீலின் மெல்லிய ஒலி கேட்டது. பிறகு ஒரு தாங்குசட்டம் திறக்கும் ஒலி. சற்றுப் பொறுத்து மற்றொன்று. அதன்பின் தட்டு வைக்கும் ஓசை, செம்பு வைக்கும் ஓசை, நாற்காலி இழுபடும் ஓசை. உதவிக்கு எழுந்து போகலாமா என்று எண்ணியவர் போகவில்லை. மாலையில் மற்றவர் வந்ததும் இதைச் சொன்னபோது, இருவரும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அதன்பின் இதை எழுதும் நாள்வரை அம்மாவுக்கு மயக்கம் வரவில்லை. மருத்துவரிடமும் முழு விவரத்தைச் சொல்லிவிட்டோம்.

நம் குடும்பங்கள் பலவற்றில் ஊரிலிருந்து முதியோர் வந்து தங்குகிறார்கள். மொழி தெரியாத ஊரில், பகலெல்லாம் பூட்டிய வீட்டில், பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுக்கலாகாது என்ற ஒரே எண்ணத்தோடு வாழ்கிறார்கள். எது முடியவில்லை என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பசி இல்லை என்றே சொல்வார்கள். ஆகவே மடக்கு மேசை செய்ய விரும்பும் அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். பலகையின் நிறத்தையும் விலையையும் பிறகு பாருங்கள். ஈரம் தாங்குமா, விளிம்பை மூடலாமா, திருகாணி நிற்குமா என்பவற்றை அடுத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, அதைத் தனியே தூக்கப்போகிறவரை அழைத்து, அவர் கையில் ஒரு பை உளுந்தைக் கொடுத்துப் பாருங்கள்.

சுவரோரம் சாய்ந்திருந்த பலாமணைக்கும் இப்போது ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அம்மா நாற்காலியில் அமரும்போது கால் ஊன்றுவதற்கு அதை மேசையின் அடியில் போட்டிருக்கிறோம். மணைமேல் கால் வைப்பதா என்று அம்மா முதலில் தயங்கினார். பிறகு தாமே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காலை வைத்தார்.